ஆற்றுப் படத்துக்குக் கீழே தொங்கிய அட்டை

எனக்கு ஓய்வு கொடுத்தவர் எங்கள் ஊர் டீக்கடைக்காரர்தான். "இன்னாப்பா சேகரு, வேலய வுட்டுட்டியாமே? இருவது வயசுல ரிட்டேரா? பென்சன் எவ்ளோ வருது?" என்று அவர் கேட்டதும் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது பொருத்தமான சொல்லாகவே பட்டது. ஒரு தொழிலைக் கற்று, அதில் கை தேறி, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று வந்துவிட்டவனை வேறு எப்படிச் சொல்வது?

போன வாரம் பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் என்னைத் தேடி வந்தார்கள். குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்த்த அதே ஓவியப் பட்டறையில் சேரப்போகிறார்களாம். "அங்க எப்பிடிண்ணா? கத்துக்குடுப்பாங்களா?" என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே என் குரல் ஏறிவிட்டது. அந்தத் தங்கை மிரண்டுபோய் அண்ணனைப் பார்த்தாள். "பொறுமையா எழுதித் தர்றேன், படிச்சிட்டு முடிவு பண்ணுங்க" என்று அனுப்பிவைத்தேன். எழுதினால் கோபம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

எங்கள் அப்பா மரக்காணம் உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாருகிறவர். அம்மா அந்த உப்பைக் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாவது முடித்ததும் ஆபீஸ் வேலைக்குப் போவேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் 2004-ஆம் வருட ஆரம்பத்தில் படம் வரையும் வேலைக்குப் போனேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பட்டறை தைல வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள் வரைந்து, வெள்ளைக்காரர்கள் தங்குகிற விருந்தினர் விடுதிகளுக்கு விற்கிற இடம். ஓனர் பெரும்பாலும் வெளியூரில் இருப்பார். எங்களுக்குக் கற்றுக்கொடுத்து, வேலை வாங்கி, படத்தை வெளியே அனுப்புவது எல்லாம் ரீத்தா மேடம். பாண்டிச்சேரிக்காரர், ஓவியக் கல்லூரியில் படித்தவர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முதல் ஆறு மாதம் நான் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தேன், வெள்ளைப் பூச்சு பூசித் தேய்த்தேன், பிரஷ் கழுவினேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் சாம்பல் நிறத்தைப் படிப்படியாகக் கலந்து காட்டச் சொன்னார், காட்டினேன். அதற்கப்புறம்தான் ஆறு வந்தது.

அங்கே யார் சேர்ந்தாலும் முதலில் அந்த ஆற்றுப் படத்தைப் பார்த்து வரைய வேண்டும். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ வரைந்தது. இயற்கையைப் பார்த்து மனிதன் மலைத்து நின்ற காலத்துப் படம், அதை ரொமான்டிக் என்பார்கள் என்று மேடம் சொன்னார். ஒரு பெரிய ஆறு வளைந்து வருகிறது. இடது கரையில் இடிந்த கோட்டை. மேலே மழை விட்ட மேகம், அதன் கிழிசல் வழியாக மஞ்சள் வெயில். ஒரு ஓடத்தில் இரண்டு பேர், எறும்பு அளவுக்கு. பெரிய அச்சுப்படமாகச் சுவரில் மாட்டியிருந்தது.

மேடம் ஆளைத் திட்டமாட்டார், படத்தைத்தான் திட்டுவார். நம் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, படத்தைப் பார்த்து, "ஏன் இப்பிடி முழிச்சிக்கிட்டு நிக்கிறே? மேகம்னா கனம் வேணாமா உனக்கு?" என்பார். நாம் அங்கே இல்லாத மாதிரிதான். பதில் சொல்லக்கூடாது. ஒருமுறை குயிலாப்பாளையத்து ஏழுமலை, என்னோடு சேர்ந்தவன், "மேடம், அது வாயில்லா ஜீவன், நான் சொல்றேன்" என்றான். மேடம் திரும்பாமலேயே, "உனக்கு வாய் இருக்கறதாலதான் இதுக்குக் கனம் இல்ல" என்றார்.

அவர் வேலைமுறை கறாரானது. முதலில் அச்சுப்படத்தின் மேல் நூல் கட்டிக் கட்டம் பிரிக்க வேண்டும். நம் துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம், ஆனால் அளவு மாற வேண்டும். மூலப்படமும் நகலும் ஒரே அளவில் இருக்கவே கூடாது. "அளவு ஒண்ணாப் போனா அது படிப்பு இல்ல, திருட்டு" என்பார். அப்புறம் டர்பன்டைனில் கரைத்த பழுப்பில் வெளிச்சம், நிழல் இரண்டை மட்டும் போட்டு முழுப்படத்தையும் முடிக்க வேண்டும். அது காய்ந்த பிறகு வானம், பிறகு தூரம், கடைசியில் கிட்டே இருப்பது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு காய்ந்து, அடிப்பூச்சு காயாமல், படம் வெடிக்கும். எங்கள் கடற்கரைக் காற்றில் எதுவுமே சீக்கிரம் காயாது. மழைக்காலத்தில் ஒரு வானம் காய்வதற்குள் நமக்கு மீசை முளைத்துவிடும். அவசரப்பட்டு விரல் வைத்துப் பார்த்தவன் அன்றைக்கு மேகத்தைத் திரும்பப் போட வேண்டும்.

முடித்த படத்தை நேராகப் பார்க்கமாட்டார். படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அதில் பார்ப்பார். இடம் வலமாகத் திரும்பியதும், நம் கண்ணுக்குப் பழகிப்போன தப்பெல்லாம் புதிதாகத் தெரியும். அப்புறம் கத்தியை எடுப்பார். கத்தியை எடுத்தால் சுரண்டல்தான்.

என் வானத்தை அவர் சுரண்டவில்லை. கோட்டையையும் சுரண்டவில்லை. ஆற்றைத்தான் சுரண்டினார், திரும்பத் திரும்ப.

"உனக்கு என்ன வியாதி? ஏன் இப்பிடி அசையாம படுத்துக் கிடக்கே?" என்று ஆற்றைக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அச்சுப்படத்தில் இருப்பதைத்தான் வரைந்திருக்கிறேன் என்று நினைத்தேன். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சேகர், நீ பாக்கற தண்ணி எது?"

"உப்பளத்துத் தண்ணிதான் மேடம்."

"அது எவ்வளவு ஆழம்?"

"கணுக்கால்கூட நனையாது."

"அதான். வானத்த அப்பிடியே கீழ மடிச்சி வெச்சிருக்கே. இது பாத்தி இல்ல. இங்க வா."

என்னை அச்சுப்படத்துக்குக் கிட்டே நிறுத்தி, கண்ணைப் பாதி மூடச் சொன்னார். வானத்தின் வெளிச்சம் ஆற்றில் விழும்போது ஒரு படி மங்கியிருந்தது. கோட்டையின் கறுப்பு ஆற்றில் ஒரு படி வெளுத்திருந்தது. அதுவும் துண்டு துண்டாக, கீழ்நோக்கி நீண்டிருந்தது. நானோ மேலே என்ன வெளிச்சமோ அதையே கீழேயும் போட்டு, கோட்டையைக் கத்தி வைத்து நறுக்கின மாதிரி தலைகீழாக நிறுத்தியிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீர் பாத்தியில் நிற்கிற தண்ணீர். காற்று ஓய்ந்த வேளையில் அதில் வானம் வேறு, தரை வேறு என்று தெரியாது. கை அதையே எழுதிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உப்பங்கழியிலிருந்து உப்பளத்துக்குத் தண்ணீர் எடுக்கிற மதகில் போய் உட்கார்ந்தேன். கடல் ஏறுகிற நேரம், தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடியது. மதகுக் கல்லின் நிழல் அதில் உடைந்து உடைந்து நீண்டது. வரைய வேண்டியது இதைத்தான் என்று அப்போது பிடிபட்டது. அடுத்த தடவை மேடம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கத்தியை எடுக்கவில்லை. "காயட்டும்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நான் நின்றுகொண்டே ஊருக்கு வந்தேன்.

படத்தின் பின்பக்கத் துணியில் அவர் வழக்கப்படி, பென்சிலால், என் கையாலேயே எழுதினேன்: நகல், பார்த்து வரைந்தது, தனசேகர். அது ஐப்பசி மழைக்காலம். படம் காய்வதற்கு உள்ளறைக்குப் போனது.

மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அலை வந்தது.

உப்பளத்தில் அது வேலை இல்லாத காலம். மழைத் தண்ணீர் நின்ற பாத்திகளில் யாரும் இல்லை. உப்பங்கழி வழியாகக் கடல் ஏறி வரப்புகளை அறுத்துச் சேற்றைத் தள்ளிவிட்டுப் போனது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. அதை வெளியே சொல்லவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் பக்கத்தில் கடலோரக் குப்பத்தில் செத்தார்கள். என்னோடு பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் படித்த தேவராஜின் அம்மா, மீன் வாங்கக் கரையில் நின்றவர், போய்விட்டார். தேவராஜோடு சேர்ந்து அவரைத் தேடினவர்களில் நானும் ஒருவன். கிடைத்ததும், முகத்தை மூட என் துண்டைக் கொடுத்தேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அது அவன் துக்கம்.

அடுத்த வருடம் முழுக்கப் பட்டறையில் வேலை ஓடியது. நான் மலை வரைந்தேன், காடு வரைந்தேன். அலை வந்து ஒரு வருடம் ஆகப்போகும்போது ஓனர் வந்தார். ஒரு விருந்தினர் விடுதித் தோட்டத்தில் கண்காட்சி என்றார். காய்ந்து கிடந்த பழைய படங்களையெல்லாம் எடுக்கச் சொன்னார். என் ஆறும் வெளியே வந்தது. சட்டம் போட்டார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. முதல்முறையாக நாலு பேர் என் படத்தின் முன்னால் நின்று, இது நன்றாக இருக்கிறது, அல்லது நன்றாக இல்லை என்று சொல்லப்போகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அம்மாவையும் வரச்சொன்னேன்.

கண்காட்சி அன்று காலையில்தான் அட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஆங்கிலத்தில் அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழுமலை தன்னுடையதை என்னைப் படிக்கச் சொன்னான். எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். தன் படகைக் கடலுக்குப் பறிகொடுத்தவன் என்று இருந்தது.

"எனக்கு போட்டு இருந்துச்சின்னு எனக்கே இன்னிக்குத்தான்டா தெரியும்" என்றான். அவன் வீட்டில் இருந்தவை இரண்டு பசு மாடுகள்.

அப்புறம் என் அட்டை. இன்றைக்கும் அது மனப்பாடம். 'பெற்றோரைக் கடலுக்குப் பறிகொடுத்த மீனவ இளைஞன். கடலைப் பார்க்கவே அஞ்சும் இவன், யாருக்கும் தீங்கு செய்யாத ஓர் ஆற்றைத் தன் மனத்திலிருந்து வரைந்திருக்கிறான்.'

நான் மீனவன் இல்லை. என் அப்பா, அம்மா உயிரோடு இருக்கிறார்கள். படம் முடிந்தது அலை வருவதற்கு முன்னால். அந்த ஆறு என் மனத்திலிருந்து வரவில்லை. நூல் கட்டி, கட்டம் போட்டு, சுரண்டி, திரும்பப் போட்டு, கண் எரிய எரியப் பார்த்து வரைந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கற்ற ஆங்கிலம் முதன்முதலாகப் பயன்பட்டது இதைப் படிப்பதற்குத்தான்.

மேடத்திடம் ஓடினேன். பூச்சாடியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"மேடம், அது பாத்து வரைஞ்சது. பின்னாடி எழுதியிருக்கோமே."

"பின்னாடி காகிதம் ஒட்டியாச்சு சேகர்."

"எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்க மேடம்!"

"தெரியும். கத்தாத. நான் எழுதினது இல்ல அது. இது வித்தாத்தான் பட்டறை ஓடும். ஒரு வாரம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. அட்டையில என்ன இருந்தா என்ன, படம் படம்தானே?"

வானத்தின் வெளிச்சம் ஆற்றில் ஒரு படி கூடிவிட்டது என்பதற்காக என் ஒரு மாத உழைப்பைக் கத்தியால் வழித்துப் போட்டவர் அவர். அளவு ஒன்றாகப் போனால் திருட்டு என்றவர் அவர். ஒரு நிழலில் பொய் பொறுக்காதவருக்கு ஒரு மனிதனின் தாய் தகப்பனைச் சாகடித்த பொய் மட்டும் எப்படிப் பொறுத்தது? இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஓனர் வியாபாரி, அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. மேடத்திடம் எதிர்பார்த்தேன்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. என் படத்தின் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் முதலில் குனிந்து அட்டையைப் படித்தார்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். படத்தைப் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, "அம்மா ஞாபகம் வருதாப்பா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம். நேராகப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அன்றைக்கு வந்தவர்களில் அட்டையைப் படிக்காமல் படத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"இதான் அந்த ஆறா? ஏன்டா, இம்மாந் தண்ணி போவுது, கரையில ஒருத்தனும் பயிர் வெக்கலியா? கோட்டையக் கட்டி இடிச்சிக்கினு கெடக்குறானுங்க."

நான் பதில் சொல்வதற்குள் ஓனர் வேகமாக வந்து அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். குனிந்து ஏதோ சொன்னார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உப்பளத்தில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிடுகிற குரலில் கேட்டார்:

"டேய் சேகரு! யாருனா கேட்டா நான் உனுக்கு சித்தின்னு சொல்லணுமாம். இன்னாடா இது?"

தோட்டமே திரும்பியது.

நான் அட்டையை எடுத்து, அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாக. அம்மா கேட்டு முடித்தார். பிறகு ஓனரைப் பார்த்து, "ஏங்க, படிச்சவருதானே நீங்க? நான் செத்துட்டன்னு எழுதி மாட்டி வெச்சிருக்கீங்களா? நான் பெத்த புள்ளைக்கு நான் சித்தியா?" என்றார்.

"இல்லம்மா, இது ஒரு நல்ல காரியத்துக்காக..."

"இன்னா நல்ல காரியம்? அந்த தேவராஜு புள்ள நெசமா ஆத்தாளத் தோத்துட்டு நிக்குது. அது வந்து இதப் பாத்தா எம் மூஞ்ச எங்க கொண்டும்போயி வெச்சிக்கறது? அடுத்தவன் வூட்டு எழவ வெச்சி விக்கிறீங்களே, நல்லாருப்பீங்களா?"

ஓனர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "ஏம்பா, இந்தக் கதை இல்லன்னா உன் படத்த எவன் வாங்குவான்?" என்றார். சத்தமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சென்னைப் பெண்மணி இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். "அப்ப இது நீ மனசுலேர்ந்து வரைஞ்சது இல்லியா?" என்று கேட்டார். ஏமாந்துபோன முகம்.

"இல்லைங்க, பாத்து வரைஞ்சது. ஆனா தண்ணியப் பாருங்கம்மா. அந்தக் கோட்ட நிழலு எப்பிடி ஒடையுதுன்னு கொஞ்சம் பாருங்க. அதுக்குத்தான் ரொம்ப நாளாச்சி."

கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் ஒரு கணம்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த படத்துக்குப் போய்க் குனிந்தார், ஏழுமலையின் படகைப் பற்றிப் படிப்பதற்கு.

அட்டையைக் கிழித்துப் புல்லில் போட்டுவிட்டு அம்மாவோடு வெளியே வந்தேன். படத்தை எடுக்கவில்லை. துணியும் வண்ணமும் பட்டறையுடையவை.

பஸ்ஸுக்கு நின்றபோது மேடம் மூச்சு வாங்க நடந்து வந்தார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். என்னிடம், "பொங்கல் கழிச்சு வா சேகர். சார் சமாதானமாயிடுவார். உன் கை நல்ல கை. அந்தத் தண்ணிய நான்கூட அப்பிடிப் போட்டது இல்ல. கோவம்தான் உனக்கு ஜாஸ்தி" என்றார்.

இரண்டு வருடம் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அதைச் சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இத உள்ள சொல்லியிருக்கலாமே மேடம். அந்தச் சென்னைக்காரம்மா முன்னாடி. ஒரே ஒரு தடவ."

பஸ் வந்துவிட்டது. ஏறியதும் அம்மா, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணாத்தான்டா தெரியுது. வாயத் தொறக்க பயம், இன்னா பண்ணும்" என்றார். இருக்கலாம். அம்மா மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. தெரியாதவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வேறு. மேடத்துக்கு எல்லாம் தெரியும்.

இப்போது திண்டிவனத்தில் லாரிகளுக்கு எழுத்தும் படமும் எழுதுகிறேன். பின்கதவில் மயிலும் மலையும் கேட்கிறார்கள். சரியாக வராவிட்டால் டிரைவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். வந்துவிட்டால் தோளில் தட்டுகிறார். என் அப்பா யார், ஊரில் யார் செத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பொம்மையார்பாளையத்து அண்ணன் தங்கைக்கு: நீங்கள் தாராளமாகச் சேருங்கள். ரீத்தா மேடம் மாதிரி கற்றுக்கொடுக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவர் சுரண்டினால் அழாதீர்கள், அது நியாயமான சுரண்டல். ஆனால் சேருகிற முதல் நாளே உங்கள் அப்பாவையும் அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஓனர், மேடம், கூட வேலை செய்கிறவர்கள், அங்கே வந்து போகிற வெள்ளைக்காரர்கள், எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, இவங்க எங்கப்பா, இவங்க எங்கம்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அப்புறம் பிரஷ்ஷைத் தொடுங்கள்.